சமபந்தியும் சமையற்கட்டும்

ஆனைமலையில் ஆழியாற்றின் கரையருகே மாசாணியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். நின்ற கோலமன்று, இருந்த கோலமுமன்று, நிலத்தில் நீட்டிக் கிடந்த கோலம். நீதி பெறாதார் அச்சந்நிதியிலுள்ள நீதிக் கல்லில் மிளகாயை அரைத்துப் பூசி முறையிடுகின்றனர். வழக்குமன்றத்தில் தோற்றவரும், வழக்குமன்றத்தின் படியேற வகையற்றவரும் அக்கல்லின் முன்னர்க் கண்ணீர் வடித்து நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

அவ்வம்மன் யாவள்? ஊரார் வழங்கும் கதை இது: நன்னன் என்னும் மன்னனுக்குக் காவல் மரமாக ஒரு மாமரம் இருந்தது. அதன் காய் ஒன்று ஆற்றில் வீழ்ந்து மிதந்து வந்தது. நீராடச் சென்ற பெண்ணொருத்தி அதனை எடுத்து உண்டாள். குற்றம் அவ்வளவே. அதற்கு அவன் விதித்த தண்டமோ கொலை! அவளுடைய சுற்றத்தார் 81 யானைகளும், அவள் எடைக்கு நிகரான பொற்பாவையும் ஈடாகத் தருவதாகக் கூறியும் அவன் இரங்கவில்லை. பரணர் பாடிய குறுந்தொகைப் பாட்டொன்றில் இச்செய்தி பொறிக்கப் பெற்றிருக்கின்றது. அப்பாட்டில் வரும் நன்னனே இவ்வூர் நன்னன் என்பதும், கொல்லப்பட்ட அப்பெண்ணே மாசாணியாக விளங்குகின்றாள் என்பதும் ஊரார் கொண்ட நம்பிக்கை.

மன்னர் செய்த கொலைகள் எண்ணிறந்தன. அவற்றுள் பெரும்பாலனவற்றை உலகம் மறந்து போயிற்று. இவ்வொன்றை மட்டும் மறவாதது ஏன்? ஆறு கொணர்ந்த ஒரு காயைக்கூடத் தனதென்று வேலியிட்டவனைத் தமிழர் உள்ளம் பொறுக்கவில்லை. உணவைப் பகிர மறுத்தலைக் கொடுமைகளுள் கொடுமையாக நம் முன்னோர் எண்ணினர் என்பதற்கு ஆனைமலையே சாட்சி.

இன்று நாம் எழுதப் புகுந்தது கோயில் வரலாறன்று. நண்பர்கள் தத்தம் வீட்டில் சமைத்த உணவையும், அதனைச் சமைக்கும் பக்குவத்தையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் பற்றியே எழுதுகின்றோம். 'நாட்டில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, பத்திரிகையில் குழம்பைப் பற்றியும் கூட்டைப் பற்றியும் எழுதுவதா?' என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர் சற்றுப் பொறுப்பாராக. ஒரு தேசம் ஒன்றுபட்டதா, இன்னும் பிரிந்தே கிடக்கின்றதா என்பதைச் சட்டசபையில் அளந்தறிவதைக் காட்டிலும் சமையற்கட்டில் அளந்தறிவது எளிது.

கொங்கு நாட்டில் உறவினருக்கும் விருந்தினருக்கும் ஒரே பெயர், 'ஒரம்பரை' என்பர். வீட்டிற்கு வந்து உண்பவன் உறவினன் ஆகின்றான் என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. அண்டை வீட்டார் தூக்குப் போசியில் குழம்பு கொடுத்தனுப்பினால், அப்போசியை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மரபன்று. ஒரு பிடி கடலையேனும், ஒரு துண்டு வெல்லமேனும் அதில் வைத்தே அனுப்புவர். கோவை நூற்பாலைகளில் நண்பகலில் தொழிலாளர் தத்தம் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்து நடுவில் வைத்து உண்ணும் காட்சியைக் கண்டோர் அறிவர்: ஒருவர் வீட்டுக் கொள்ளுப் பருப்பு, ஒருவர் வீட்டுக் கீரைக் கடைசல், மற்றொருவர் வீட்டு ஊறுகாய். இன்னது இன்னாருடையது என்னும் கணக்கு அங்கே இல்லை.

இவ்வழக்கத்திற்கும் அன்னதானத்திற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிதல் வேண்டும். அன்னதானம் உயர்ந்ததே. வடலூரில் 1867-ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகள் தருமசாலையில் மூட்டிய அடுப்பைத் தமிழகம் என்றும் போற்றும். ஆயினும் தானத்தில் கொடுப்பவன் ஒருவன், கொள்பவன் ஒருவன். ஒருவன் கை மேலும் மற்றவன் கை கீழும் இருப்பது அதன் இயல்பு. நட்பிலோ போசி இரு பக்கமும் நடக்கின்றது. இன்று கொடுத்த கை நாளைக்கு வாங்குகின்றது. ஒருவருக்கு நூறு முறை விருந்திட்டுவிட்டு, அவர் வீட்டில் ஒரு முறையும் கை நனையாதவன் அவருக்கு நண்பன் அல்லன், எசமானனே ஆவான்.

உணவுக்குச் சொன்னது பக்குவத்துக்கும் பொருந்தும். கொங்கு நாட்டு அரிசி பருப்புச் சாதத்தை எடுத்துக்கொள்வோம். அரிசியும் துவரம் பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் மிளகாயும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது. கேட்பதற்கு எளிது. ஆனால் மூன்று பங்கு அரிசிக்குப் பருப்பு ஒரு பங்கா, அதிற் சற்றுக் குறைவா, தண்ணீர் எவ்வளவு, எப்போது இறக்குவது என்பன வீட்டிற்கு வீடு வேறுபடும். கேட்டால் 'கண்ணளவுதான்' என்பர். அக்கண்ணளவு ஏட்டில் ஏறாது. அடுப்பங்கரையில் அருகில் நின்று பார்த்தாலன்றிக் கைவராது. சந்தகையோ தனியொருவர் எளிதிற் செய்யும் பண்டமன்று. ஊறவைத்து அரைத்த அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சிலிட்டுப் பிழிதல் வேண்டும். ஒருவர் அழுத்த, மற்றொருவர் ஏந்த, அண்டை வீட்டுப் பெண்டிர் கூடிச் செய்வதே அதற்கு வழக்கம். ஆகவே பக்குவத்தைக் கேட்பதென்பது ஒரு வீட்டின் உள்ளே வர அனுமதி கேட்பதாகும். சொல்லிக் கொடுப்பதென்பது அவ்வனுமதியை அளிப்பதாகும்.

'சமைத்துப் பார்' என்னும் நூலை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. அதனை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் இளமையிலேயே கணவனை இழந்தவர். பக்குவம் கேட்டு உற்றார் உறவினர் நச்சரித்தபோது சலிப்பின்றிச் சொல்லிக் கொடுத்தார். அவற்றை நூலாக எழுதுமாறு அவருக்கு ஊக்கம் தந்தவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். முதற் பாகம் 1951-இல் வெளிவந்தது. கடல் கடந்து சென்ற இளந்தம்பதிகளின் பெட்டிகளிலும் அந்நூல் இடம் பெற்றது. தம் கைப்பக்குவத்தை அவர் பூட்டி வைத்திருந்தால் அஃது ஒரு வீட்டோடு ஒழிந்திருக்கும். பகிர்ந்தமையால் ஆயிரமாயிரம் வீடுகளில் வாழ்கின்றது. எமது வழக்கறிஞர் தொழில் எமக்குக் கற்பித்த ஒன்றையும் இங்கே கூறலாம்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு நூலின் வாசகத்தைக் காக்கும்; அதில் கூறப்பட்ட குழம்பைக் காவாது. குழம்பு செய்யும் முறை எவருடைய தனிச்சொத்தும் அன்று.

அதற்குச் சட்டத்தைக் கேட்க வேண்டுவதுமில்லை; மாசாணியம்மன் சந்நிதியில் அரைபடும் மிளகாயே கூறும். மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, போர்த்துகேசியர் கப்பல் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டை அடைந்தது. தக்காளியும் உருளைக் கிழங்கும் நிலக்கடலையும் அக்கண்டத்தினவே. நம் பாட்டிமாருக்குப் பாட்டிமார் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். 'எங்கள் வீட்டுச் சமையல், எங்கள் குலத்துச் சமையல்' என்று நாம் பெருமிதம் கொள்ளும் ஒவ்வொரு கறியிலும், முகமறியாத எத்தனையோ மனிதர் நமக்குத் தந்த பங்கு கலந்திருக்கின்றது. வாங்கும்பொழுது சாதியும் தேசமும் பாராத நாம், கொடுக்கும்பொழுது மட்டும் பார்ப்பது எவ்வகை நியாயம்?

ஆம்; இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் தொடங்குகின்றது. நண்பர் கூடி உண்பது இன்பம் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் யார் யாரோடு கூடி உண்பது? இந்தக் கேள்வி இத்தேசத்தின் விடுதலைப் போரையே ஒரு காலத்தில் கலக்கிற்று.

ஆனைமலைக்கு மேற்கே, மலைக்கு அப்பால், கொச்சி நாட்டுச் செறாயில் 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐயப்பன் என்னும் ஈழவ இளைஞர் சிலரைக் கூட்டிப் புலையரோடு அமர்ந்து உண்டார். அவருடைய சாதியினரே சினந்து, அவருக்குப் 'புலையன் ஐயப்பன்' என்று பட்டம் சூட்டினர். அவர் அதனைப் பெருமையாகவே ஏற்றார். பிற்காலத்தில் 'சகோதரன் ஐயப்பன்' என்று நாடு அவரை வணங்கிற்று.

நமது தமிழகத்திலோ, தேசபக்தர் ஸ்ரீ வ. வே. ஸு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்து வந்தது. காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பொருளுதவி அளித்தது. பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே உணவளிக்கப்படுகின்றது என்னும் செய்தி பரவவே, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், நம் கொங்கு நாட்டு ஈரோட்டைச் சேர்ந்த ஸ்ரீ ஈ. வெ. ராமசாமியும் கிளர்ச்சி செய்தனர். ஐயர் தீய எண்ணம் உடையவர் அல்லர். அப்பிள்ளைகளின் பெற்றோருக்குத் தந்த வாக்கைக் காக்க எண்ணினார். ஆயினும் இரண்டு இலைகள் தனியே போடப்பட்டமையால் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டாகப் பிளந்தது. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐயர் பாபநாசத்து அருவியில் தம் மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார். வழக்கு முடியவில்லை, வாதி பிரதிவாதிகள் பிரிந்தனர். இரண்டு இலை என்பது சிறு விஷயமா? நேயர்களே கூறுக.

அப்புண்ணை ஆற்ற முயன்றவரும் நம் நாட்டில் இருந்தனர். திருப்பூரிற் பிறந்த வழக்கறிஞர் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம், கோவை அருகே 1930-இல் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தைச் சில சிறுவரோடு தொடங்கினார். சாதி பேதமின்றி மாணாக்கர் உண்டு உறையும் பள்ளி அது. பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். கலந்துண்ணலை முதலில் அத்துணை வற்புறுத்தாதிருந்த அடிகளின் கொள்கை, காலம் செல்லச் செல்ல விரிவுற்றதை அவர் எழுத்துக்களைப் படிப்போர் காண்பர்.

பின்னர்ச் சுதந்திரம் வந்தது. அரசியற் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆவது பிரிவு உணவு விடுதிகளின் கதவை யாவர்க்கும் திறந்தது. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் விரித்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தின. இவை உலகம் வியக்கத்தக்க செயல்கள். நாம் பெருமை கொள்கின்றோம்.

பெருமையோடு வெட்கமும் கொள்ள வேண்டியிருக்கின்றது. 2018-ஆம் ஆண்டில், இதே கொங்கு நாட்டில், அவிநாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்கத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் சமைப்பதைக் குழந்தைகள் உண்ணலாகாது என்று சாதி இந்துக்கள் சிலர் தடுத்தனர். அவரை வேறிடத்திற்கு மாற்றவும் உத்தரவாயிற்று. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவ்வுத்தரவு நீங்கியது. தடுத்தவர் மேல் வழக்கும் பதிவாயிற்று. நேயர்கள் கவனிக்க வேண்டுவது ஒன்று: அரிசி அரசினுடையது; பருப்பும் அரசினுடையது; அடுப்பும் அரசினுடையது. அவர்கள் வெறுத்தது உணவையன்று. அதனைச் சமைத்த கையை! மிதந்து வந்த காயை உண்டவளைக் கொன்ற நன்னனுக்கும், பசித்த குழந்தைகளின் முன்னிருந்த சோற்றைத் தடுத்தவர்களுக்கும் காலத்தால் அன்றி வேறென்ன வேற்றுமை?

சட்டம் தன் கடமையைச் செய்தது, இனியும் செய்யும். ஆனால் சட்டத்தின் எல்லையை நாம் அறிவோம். அது விடுதியின் கதவைத் திறக்கும்; பள்ளியின் கதவைத் திறக்கும்; வீட்டின் சமையற்கட்டைத் திறக்க அதனால் இயலாது. எந்த நீதிபதியும், 'நீ இன்னார் வீட்டில் உண்' என்று தீர்ப்பெழுத முடியாது. அக்கதவைத் திறக்க வல்லது நட்பு ஒன்றே.

நட்பும் பாதி வழியில் நின்றுவிடக் கூடாது. விடுதியில் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் நண்பர் பலர், ஒருவர் வீட்டுச் சமையலை மற்றவர் உண்டதில்லை. திருமண வீட்டில் எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்துவோர் பலர், அழைக்கப்பட்டவர் வீட்டுத் திருமணத்தில் மொய் எழுதிவிட்டு, 'வயிறு சரியில்லை' என்று இலையில் அமராமல் திரும்புகின்றனர். எத்தனை வயிறுகள் இவ்வாறு சாதி பார்த்து நோய் கொள்கின்றன! நாமும் இக்குற்றத்திற்குப் புறம்பானவர் என்று மார்தட்டவில்லை. பல்லாண்டு பழகிய நண்பர் பலமுறை நம் இல்லத்தில் உண்டிருக்க, அவருடைய இல்லத்தில் நாம் உண்டதே இல்லை என்பது ஒரு நாள் நினைவுக்கு வந்தபோது நாம் தலைகுனிந்தோம். அவர் அழைக்கத் தயங்கினார். நாம் கேட்கத் தவறினோம். மறுவாரமே கேட்டுச் சென்று உண்டோம். அவருடைய தாயார் கடைந்த கொள்ளுப் பருப்பின் பக்குவத்தை நம் இல்லத்தார் கேட்டறிந்து வந்தனர். அன்று அம்முதியவர் முகத்தில் கண்ட மலர்ச்சியை நூறு மேடைப் பேச்சுக்களிலும் நாம் கண்டதில்லை.

தமிழ் மக்களே! உங்களை நாம் பெருந்தியாகத்திற்கு அழைக்கவில்லை. சிறை புகச் சொல்லவில்லை. நீங்கள் நண்பர் என்று சொல்லிக்கொள்வோரை எண்ணிப் பாருங்கள். அவருள் எவர் வீட்டுச் சோற்றை உண்டீர்கள்? எவர் வீட்டுப் பக்குவம் உங்கள் அடுப்பில் கொதிக்கின்றது? எண்ணிக்கை ஒரே சாதிக்குள் அடங்குமாயின், இவ்வாரமே அதனை மாற்றுங்கள். போசியைக் கொடுத்தனுப்புங்கள், திரும்பி வரும் போசியில் இருப்பதை மகிழ்ந்து உண்ணுங்கள், அது செய்தது எவ்வாறென்று கேளுங்கள்.

சமபந்தி ஒரு நாள் விழா. சமையற்கட்டோ நாள்தோறும் நடப்பது. அங்கே சமத்துவம் புகும் நாளே தேசம் ஒரு குடும்பமாகும் நாள். அந்நாள் விரைவில் வருக!