கணினி வந்த பிறகு: திருவண்ணாமலை அரசுப் பள்ளிகளில் தொழில்நுட்ப நிர்வாகம்

அரசுப் பள்ளிக்குக் கணினி வந்து சேர்வது ஒருநாள் வேலை. வண்டி வரும், பெட்டிகள் இறங்கும், தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார், இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். அந்தக் கணினி அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டுமென்றால், எந்தப் பள்ளிக்கு எது தேவை என்ற கணக்கு, அதற்கான பணம், அதை இயக்கத் தெரிந்த ஆள் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். நடைமுறையில் இவை மூன்றும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வெவ்வேறு மாதங்களில் வந்து சேருகின்றன.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலும் தனி வாரியமும் தனி வரி வருவாயும் உள்ள அமைப்பு. எந்தக் கருவியை வாங்குவது, யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதை அதுவே முடிவு செய்யும். தமிழ்நாட்டில் மாவட்டம் ஒரு நிர்வாக அலகுதான். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தில் 18 ஊராட்சி ஒன்றியங்களும் 860 கிராம ஊராட்சிகளும் உள்ளன. ஊராட்சிகளின் எண்ணிக்கையில் மாநிலத்திலேயே முதலிடம் இதற்குத்தான். பள்ளிகளுக்குத் தலைமை முதன்மைக் கல்வி அலுவலர். தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள், ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர்கள். கணினிக்கும் பயிற்சிக்கும் பணம் வரும் வழியான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மாவட்ட அலுவலகமும், ஒன்றியம்தோறும் வட்டார வள மையமும் உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கான மாவட்ட நிறுவனம் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் கதை வேறு. அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறையின் கீழ் வருகின்றன. வனத் துறை நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஒரே மலையில் அடுத்தடுத்த இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு துறைகளின் கோப்புகள் நகர வேண்டியிருக்கும்.

திட்டமிடல் எண்களில் தொடங்குகிறது. நாடு முழுவதற்குமான பள்ளித் தரவுத்தளமான யூடைஸில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீடு உண்டு. மாணவர் எண்ணிக்கை, வகுப்பறைகள், மின் இணைப்பு, கழிப்பறை, கணினி எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஏறும். மாநிலத்தின் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. வருகைப் பதிவிலிருந்து இலவசப் பொருள் விநியோகம்வரை அந்த எண்ணை ஒட்டியே நடக்கிறது. இந்தத் தரவுகளை வைத்து மாவட்டம் ஆண்டுப் பணித்திட்டத்தையும் வரவு செலவு மதிப்பீட்டையும் தயாரிக்கிறது. அது சென்னையில் மாநிலத் திட்ட இயக்ககத்துக்குப் போய், மற்ற மாவட்டங்களின் கணக்கோடு சேர்ந்து, டெல்லியில் திட்ட ஒப்புதல் குழுவின் முன் வைக்கப்படும்.

கீழிருந்து மேலே போக இன்னொரு வழியைச் சட்டமே கொடுத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும்; பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அதுவே தயாரிக்க வேண்டும். 2024இல் தமிழ்நாட்டில் இக்குழுக்கள் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்டவையாகப் புதிதாக அமைக்கப்பட்டன. கிராமத்துப் பெற்றோர் முதலில் கேட்பது சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை, ஒழுகாத கூரை. இவற்றைக் கணினியின் அருமை தெரியாத கோரிக்கைகள் என்று ஒதுக்க முடியாது. கூரை ஒழுகும் அறையில் கணினி நிற்காது.

மாவட்ட அளவில் உண்மையான திட்டமிடல் நடப்பதும் இந்த இடத்தில்தான். எந்தக் கருவி என்பதைச் சென்னை ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். எந்தப் பள்ளியில் அதை வைக்க முடியும் என்ற பட்டியலைத்தான் மாவட்டம் தர வேண்டும். அறை இருக்கிறதா, ஜன்னலுக்குக் கிரில் இருக்கிறதா, பூட்டு உறுதியானதா, மின் இணைப்பு கூடுதல் சுமையைத் தாங்குமா, எர்த் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா, இரவுக் காவலர் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதிய பதிலுக்கும், தொலைபேசியில் கேட்டு நிரப்பிய பதிலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாம் ஆண்டு மழையில் தெரிந்துவிடும்.

பணத்துக்கு வருவோம். 2018இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வி ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்ற ஒரே திட்டமாக இணைக்கப்பட்டன. அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. கணினி ஆய்வகம் அமைக்க ஒரு பள்ளிக்கு ஒருமுறை 6.40 லட்சம் ரூபாய் வரை தரலாம்; அதை நடத்த ஆண்டுக்கு 2.40 லட்சம் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. திறன் வகுப்பறை என்றால் அமைக்க 2.40 லட்சம், நடத்த ஆண்டுக்கு 38 ஆயிரம். தொடர்செலவு என்று ஒரு தொகையை ஒதுக்கியிருப்பது நல்ல ஏற்பாடு. ஆறாம் ஆண்டில் பழுது நீக்குபவருக்கும் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் யார் கொடுப்பது என்பதுதான் விடை இல்லாத கேள்வி.

பள்ளியின் கையில் இருப்பது கூட்டு மானியம். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய். ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒரு லட்சம். சுண்ணாம்புக்கட்டி, பல்பு, துடைப்பம், சிறு பழுதுகள் எல்லாம் அதிலிருந்துதான். ஓர் இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றினாலே சிறிய பள்ளியின் ஆண்டு மானியம் தீர்ந்துவிடும். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி சில ஆயிரம் ரூபாய்ப் பழுதுக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மேலிருந்து வரும் பணமும் நின்றுபோகலாம் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டின. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. கையெழுத்திடுவது தேசியக் கல்விக் கொள்கையை, குறிப்பாக மும்மொழித் திட்டத்தை, பின்வாசல் வழியாக ஏற்பதாகும் என்பது மாநிலத்தின் வாதம். அதைத் தொடர்ந்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இப்படிப்பட்ட நேரத்தில் மாநிலம் சொந்த நிதியிலிருந்து முதலில் சம்பளத்தைத்தான் பார்க்கும். பராமரிப்பும் பயிற்சியும் தள்ளிப்போடுவதற்கு எளிதானவை.

ஊர்க்காரர்களும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தரும் பணத்துக்கு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இப்படி வரும் நன்கொடை சாலையோரத்துப் பெரிய பள்ளிக்கு எளிதில் கிடைக்கும். வெளியூர் போய்ச் சம்பாதிக்கும் முன்னாள் மாணவர் கூட்டம் பெரிதாக இல்லாத மலைப்பள்ளிக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. பட்டியல் போடும் அலுவலர் அரசுப் பணத்தை முதலில் எங்கே அனுப்ப வேண்டும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

கருவிகளின் வரிசை நீளமானது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்ட மடிக்கணினிகள் மேல்நிலை மாணவர்களின் கைக்கே போயின. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் (QR) அச்சாகி, திக்‌ஷா கல்வித் தளத்தின் காணொளிகளோடு இணைக்கப்பட்டன. அதையடுத்து 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பள்ளிகளில் அவற்றை ‘ஹைடெக் லேப்’ என்றுதான் சொல்வார்கள். 2024ஐ ஒட்டி நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஆய்வகம், தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்று அடுத்த சுற்று அறிவிக்கப்பட்டது.

ஒரு ஹைடெக் லேபின் உள்ளே நடுநாயகமாக ஒரு சர்வர் இருக்கும். மாணவர் முன்னால் இருக்கும் திரைகள் அதைச் சார்ந்தே இயங்குபவை. செலவு குறைவு, பராமரிப்பு ஓரிடத்தில் என்பது இந்த அமைப்பின் நன்மை. சர்வர் படுத்தால் மொத்த அறையும் படுத்துவிடும் என்பது அதன் விலை. யுபிஎஸ் பேட்டரி வலுவிழந்த அறையில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் இருபது பிள்ளைகளும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிகழ்நிலைத் தேர்வு நடக்கும் நாளாக இருந்தால், நாற்பது நிமிடப் பாடவேளையில் கால் பங்கு அதிலேயே கரையும்.

இணையம் அடுத்த முடிச்சு. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்பிநெட் நிறுவனத்துடையது. கம்பி ஊராட்சி அலுவலகம்வரை வந்தாலும் அங்கிருந்து பள்ளிக்குக் கடைசித் தொலைவை யாராவது இழுக்க வேண்டும். மாதக் கட்டணத்தையும் யாராவது கட்ட வேண்டும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்கிராமங்களில் கைப்பேசி சிக்னலே விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். காணொளிகளைச் சமவெளியில் பதிவிறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் செல்வது இன்றைக்கும் நம்பகமான வழி. மலைப் பள்ளிகளுக்கான திட்டம் இணையம் இல்லாமலும் ஓடக்கூடிய பாடப்பொருளை முதலில் வைத்திருக்க வேண்டும். இணையம் வந்தால் அது கூடுதல்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆள். மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் ஒரு பாடம். அதற்கு முறையான பணியிடம் உண்டு. 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அப்படி இல்லை. 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி முதலியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். ஊதியம் படிப்படியாக உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் ஓயவில்லை. ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்ள வெளிமுகமை வழியாக ஆள் எடுக்கப்படுகிறது. சம்பளம் குறைவு. பள்ளியின் எமிஸ் பதிவேற்ற வேலை பெரும்பாலும் அவர் தலையில் விழுகிறது. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு உதவ வந்தவர் தரவு உள்ளிடுபவராக மாறிவிடுகிறார்.

ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு படிவரிசை உண்டு. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கட்டகம் தயாரிக்கும். மாவட்டக் கருத்தாளர்கள் அதைக் கற்றுக்கொண்டு வட்டார வள மையங்களில் நடத்துவார்கள். கடைசியாக, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியரை அடையும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும். கணினி விஷயத்தில் இது இன்னும் மோசம். கைக்கணினியைத் தொடாமல் அதைப் பற்றிய விளக்கப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிற ஆசிரியர், பள்ளியில் பெட்டியைத் திறக்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். பயிற்சியும் கருவியும் ஒரே மாதத்தில் வரும்படி பார்த்துக்கொள்வது மாவட்டத்தின் கையில் உள்ள சில வேலைகளில் ஒன்று. நாள் குறிப்பதும் அப்படியே. கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலை நகரின் பள்ளிகள் பலவற்றில் பாதுகாப்புக்கு வரும் காவலர்கள் தங்குவார்கள், விடுமுறை விடப்படும், ஆய்வகங்களைப் பூட்டி வைக்க வேண்டும். பௌர்ணமி கிரிவலத்தன்று பேருந்தில் இடம் கிடைக்காது. சென்னையில் அச்சாகும் பயிற்சி அட்டவணை இதையெல்லாம் அறியாது. மாவட்டம்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சிப் பணத்தைக் காப்பாற்ற அமெரிக்கா ஒரு வழி கண்டது. 2001ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் தொழில்நுட்ப மானியம் பெறும் பள்ளி மாவட்டம் அதில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பத்தாண்டில் அந்த மானியமே நின்றுபோனாலும் நிபந்தனை பின்பற்றத்தக்கது. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. அங்கே பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்த பிறகு 2012இல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

பக்கத்துக் கேரளம் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கே 2001இல் ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கியது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்து முழுநேரமாக இதற்கு விட்டார்கள். பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளுக்கு வைத்ததால் உரிமக் கட்டணம் மிச்சமானது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் வந்த பிறகு, சிறு கோளாறுகளைப் பிள்ளைகளே சரிசெய்யப் பழகினார்கள். மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவிக் கொடுத்த தமிழ்நாட்டுக்கு இது எட்டாத வழியல்ல. குறைவது ஆள் ஏற்பாடு. திருவண்ணாமலையின் 18 வட்டார வள மையங்களிலும் கணினியை மட்டுமே கவனிக்கும் ஓர் ஆசிரியர் பயிற்றுநர் இருந்து, அவரிடம் உதிரிப் பாகங்களுக்கென ஒரு சிறு தொகையும் இருந்தால், இன்று சென்னைக்குப் புகார் எழுதிக் காத்திருக்கும் பழுதுகளில் பெரும்பகுதி ஒன்றியத்திலேயே தீர்ந்துவிடும்.

கடைசிக் கட்டம் பழைய கருவியைக் கழிப்பது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய கணினிகள் பல பள்ளிகளில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளைத் தலைமையாசிரியர் தாமாக வெளியே போட முடியாது. தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சமும் உண்டு. பயனற்றது என்று சான்று வாங்கி, உயர் அலுவலரின் ஆணை பெற்று, மின்னணுக் கழிவு விதிகள் 2022இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு பள்ளியும் தனியாக இதைச் செய்வது வீண் அலைச்சல். ஆண்டுக்கு ஒருமுறை முதன்மைக் கல்வி அலுவலகம் ஒன்றியவாரியாகப் பட்டியல் வாங்கி, ஒரே ஆணையில் கழித்து, ஒரே வண்டியில் அனுப்பினால் அந்த அறைகள் வகுப்பறைகளாகத் திரும்பும்.