ஊருக்கெல்லாம் குளிசையா?

மலேரியாவை ஒழிக்க ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்கும் உத்தி ஒன்று உண்டு. காய்ச்சலே இல்லாமல் குருதியில் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களையும் அது விட்டுவைக்காது. பசிபிக் தீவான அனெய்த்தியத்தில் 1991இல், நுளம்பு வலையும் சேர்ந்ததால், அது பலித்தது. ஆர்ட்டிமிசினின் மருந்துக்கே ஒட்டுண்ணி மசியாத கம்போடியா, மியன்மார் பக்கத்துக் கிராமங்களிலோ தொற்று சில மாதம் சரிந்துவிட்டு மறுபடி தலைதூக்கியது. தீவுக்கு வெளியாள் வரத்து குறைவு. அந்தக் கிராமங்களுக்குக் காடும் எல்லையும் திறந்தே கிடந்தன. கொழும்பில் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக்கும், சென்னைக்குப் போய்வந்துகொண்டே இருக்கும் வெள்ளவத்தைக்கும் எது பொருந்தும்? தொற்றோடு வந்திறங்கும் ஒருவரை உடனே கண்டுபிடித்து, மருந்தை முழுதாகக் கொடுப்பதுதான்.

எதற்கும் எல்லோருக்கும் கொடுத்துவைத்தால் என்ன என்று கேட்கலாம். இலங்கைக்குள்ளேயே சுற்றிவந்த தொற்றின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பரவலே இல்லாத நாட்டில், ஒட்டுண்ணியே இல்லாத உடம்புக்கு மருந்தால் மிஞ்சுவது பக்கவிளைவு மட்டுமே. ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்குப் பிரிமாகுயின் என்ற மலேரியா மருந்து செங்குருதிக் கலங்களையே உடைத்துவிடும். சம்மதம் கேட்காமல் ஒருவருக்கு இதைக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

டெங்குக் காலத்தில் மலேரியாவைப் பற்றி என்ன பேச்சு என்பது அடுத்த கேள்வி. ஆபத்து அந்த மறதியில்தான் இருக்கிறது. பிளேட்லட் இறங்கினால் டெங்கு என்று முடிவுகட்டுகிறோம். மலேரியாவிலும் அது இறங்கும். இலங்கையில் 1963இல் வெறும் 17 பேருக்கு இருந்த மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்ததும், 1969இல் ஐந்து லட்சம் பேரைத் தாண்டியது. சென்னையின் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும், மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபென்சி நுளம்பு 2016இல் மன்னாரிலும் பிடிபட்டது. 2018இல் வெளிநாட்டிலிருந்து தொற்றோடு வந்த ஒருவரால் மொனராகலையில் இன்னொருவருக்குப் பரவியது. நல்லவேளை, அதற்கு மேல் போகவில்லை.

ஆகவே இந்தியா, ஆபிரிக்கா போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், டொக்டர் கேட்காவிட்டாலும் பயணத்தைச் சொல்லி மலேரியாப் பரிசோதனை கேட்க வேண்டும். திரும்பி வந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணி ஈரலில் பதுங்கியிருந்து பிறகு எழும்பும். அதற்கான 14 நாள் பிரிமாகுயினைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது நோயைத் திரும்ப அழைப்பதுதான். பரிசோதனை தட்டிக்கழிக்கப்பட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடை இயக்கத்துக்கு நேரே போகலாம். பரிசோதனையும் பயணத்துக்கு முந்திய தடுப்புக் குளிசையும் அங்கே இலவசம். தனியார் வைத்தியசாலையில் படுத்திருப்பவருக்கும் மலேரியா மருந்தை இயக்கமே காசில்லாமல் அனுப்பும்.