கழுத்தினுள் ஒரு வரைபடம்

கழுத்தினுள் இறங்கும் தண்டுவடம் ஏறத்தாழ நம் சுண்டுவிரலின் பருமனே உடையது. கை, கால்களுக்கு மூளை இடும் ஆணைகளும், அங்கிருந்து மீளும் உணர்வுகளும் இந்த ஒடுங்கிய வழியாகவே சென்றாக வேண்டும். குறுக்காக வெட்டிப் பார்த்தால், நடுவே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் சாம்பல் நிறப் பகுதியும் அதனைச் சூழ்ந்து வெண்ணிற நரம்பிழைக் கற்றைகளும் தென்படும். சாம்பல் பகுதியின் முன்புறம் தசைகளை இயக்குகிறது. பின்புறம் உணர்வுகளைப் பெறுகிறது. கைகளுக்குரிய நரம்பணுக்கள் மிகுந்திருப்பதால், கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் சற்றுப் பருத்திருக்கும்.

கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழு, நரம்பிணைகளோ எட்டு. முதல் ஏழு இணைகள் தத்தம் எண்ணுடைய எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது இணை ஏழாம் எலும்புக்குக் கீழே வெளியேறுகிறது. கணக்கில் ஒன்று மிகுந்தால் வங்கியில் நாம் பேரேட்டை மீண்டும் புரட்டுவோம். இங்கோ அதுவே சரியான கணக்கு.

ஒவ்வோர் இணைக்கும் தனி ஆட்சி எல்லை உண்டு. மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள் சேர்ந்து மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்குகின்றன. விபத்தில் கழுத்தில் அடிபட்டவரைத் தலை அசையும்படி தூக்கலாகாது என்பது இதனால்தான். ஐந்தாவது நரம்பு கையைத் தோளிலிருந்து உயர்த்த உதவுகிறது. கட்டைவிரலின் உணர்வு ஆறாவதற்கும், நடுவிரலின் உணர்வு ஏழாவதற்கும், சுண்டுவிரலின் உணர்வு எட்டாவதற்கும் உரியவை.

தோலில் இவ்வெல்லைகளை வரைந்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி ஹெட். அக்கி, ஒரு நரம்புக்குரிய தோற்பகுதியில் மட்டும் பட்டையாகப் படரும். அந்தப் பட்டைகளையே சான்றாகக் கொண்டு, கேம்ப்பெல் என்பாருடன் இணைந்து அவர் 1900-இல் தம் ஆய்வை வெளியிட்டார். நோயே வரைபடத்துக்குக் கோடு கிழித்துத் தந்தது எனலாம்!

இன்றும் மருத்துவர் பஞ்சாலும் ஊசிமுனையாலும் விரல்களைத் தொட்டுச் சோதித்து, பழுது எந்த மட்டத்தில் இருக்கக்கூடும் என்று கணிக்கிறார். எம்.ஆர்.ஐ. படம் அதனை உறுதிசெய்ய உதவுகிறது. படம் மட்டும் போதாது. எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் எலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கியிருப்பதைப் படம் காட்டும். அறிகுறியும் படமும் ஒத்துப்போக வேண்டும்.

வயது ஏற ஏற வட்டுகள் உலர்ந்து, எலும்பு விளிம்புகள் வளர்ந்து, தண்டுவடம் செல்லும் வழி குறுகலாம். அதனால் தண்டுவடம் நசுங்கும்போது சிலருக்குக் கழுத்துவலியே இராது. சட்டைப் பொத்தான் போடவும் ரூபாய்த் தாள்களை எண்ணவும் விரல்கள் தடுமாறும், கையெழுத்து மாறும், நடை தள்ளாடும். மூப்பு என்று பலரும் இதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். புதிய மாதிரிக் கையொப்பம் பதிய வரும் மூத்த வாடிக்கையாளர்களை நாம் கிளைகளில் காண்கிறோம். காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கலாம். எனினும் கைமரப்பும் நடைத் தடுமாற்றமும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைக் காணத் தாமதிக்கலாகாது. அறுவை சிகிச்சை முதன்மையாகச் சேதம் மேலும் வளராமல் தடுக்கிறது. நெடுநாள் நசுங்கி இழந்த ஆற்றல் முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.