மருத்துவமனைப் படுக்கையில் மறைந்திருக்கும் ஆபத்து

புது தில்லி: சண்டீகரில் உள்ள பிஜிஐ மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் சிகிச்சை பெற்று இறந்த 1,000 பேரின் பிரேதப் பரிசோதனை முடிவுகளை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 159 பேரின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. 2008-இல் இந்த ஆய்வு வெளியானபோது, இந்தியர்களுக்கு இந்நோய் அரிது என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது.

இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், கடும் நோய்த்தொற்று போன்றவற்றால் படுத்த படுக்கையாகும் நோயாளியின் கால்களில் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. ஆழ்ந்துள்ள சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அது கழன்று நுரையீரலை அடைந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். வீங்கிய காலை உடனிருக்கும் உறவினர் அன்போடு பிடித்துவிடுவதும்கூடக் கட்டியைக் கழற்றிவிடக் கூடும்.

32 நாடுகளில் நடைபெற்ற 'எண்டார்ஸ்' ஆய்வின் பகுதியாக, 2006 ஆகஸ்ட் முதல் 2007 ஜனவரி வரை இந்தியாவின் 10 மருத்துவமனைகளில் 2,058 நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. பொது மருத்துவ நோயாளிகளில் 44.7 சதவீதம் பேர் ஆபத்தில் இருந்தனர். அவர்களில் பரிந்துரைக்கப்பட்ட தடுப்புச் சிகிச்சை பெற்றவர்கள் 19.1 சதவீதம்தான். அனைத்து நாடுகளுக்குமான அளவு 39.5 சதவீதம்; அதுவும் பெருமைப்படத் தக்கதல்ல.

தடுப்பு மருந்து புதிதன்று. எனாக்ஸாபரின் ஊசியை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் செலுத்தியபோது, அறிகுறியற்றவை உள்பட ரத்தக் கட்டிகள் 14.9 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்ததை 1999-இல் வெளியான 'மெடனாக்ஸ்' ஆய்வு காட்டியது.

அப்படியானால் எல்லோருக்கும் ஊசி போட்டுவிடலாமே என்றால், அதுவும் சரியன்று. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் 8,307 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், காலுறையுடன் ஊசியும் பெற்றவர்களுக்கும் காலுறை மட்டும் அணிந்தவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. டெங்குவால் தட்டணுக்கள் சரிந்தவருக்கு இதே ஊசி பெருந்தீங்காக முடியலாம். ஆகவே யாருக்குத் தேவை, யாருக்கு ஆகாது என்பதை நோயாளி சேர்க்கப்படும் நாளிலேயே மதிப்பிடுவதுதான் முதல் வேலை. வயது, பழைய ரத்தக் கட்டி, புற்றுநோய், நடமாட்டம் என ஒரு தாளில் அடங்கும் கேள்விகள் அவை. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனை வார்டில், ஒரே படுக்கையில் இருவர் கிடக்கும் நிலையில், அந்தத் தாளை நிரப்புவது யார் என்பதுதான் சிக்கல்.

கரோனா காலத்தில் மட்டும் இத்தயக்கம் அகன்றது. 2021 ஏப்ரலில் எய்ம்ஸும் ஐசிஎம்ஆரும் வெளியிட்ட வழிகாட்டுதலில், மிதமான பாதிப்பு உள்ளவர்களுக்கே தடுப்பு அளவிலான ஹெப்பாரின் இடம்பெற்றது. பன்றிக் குடலிலிருந்து தயாராகும் இம்மருந்தின் மூலப்பொருளுக்குச் சீனாவை நம்பியிருப்பதன் விலையையும் நாடு அப்போது கண்டது. இறக்குமதிச் செலவு உயர்ந்ததால், 2020 ஜூனில் ஹெப்பாரின் ஊசியின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அனுமதித்தது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கு 2010-இல், சேர்க்கப்படும் நோயாளிகளில் 90 சதவீதம் பேருக்காவது இந்த மதிப்பீட்டைச் செய்யும் மருத்துவமனைகளுக்கே ஊக்கத்தொகை என நிபந்தனை விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ பாதியாக இருந்த அளவு, சில ஆண்டுகளில் இலக்கைத் தாண்டியது.

இந்தியாவில் மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன; தில்லியிலிருந்து உத்தரவிடுவது எளிதன்று. ஆனால், 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் சிகிச்சைக் கட்டணம் அரசுப் பணத்திலிருந்தே செல்கிறது. அந்தக் கட்டணத்துக்கான ஆவணங்களுடன் மதிப்பீட்டுத் தாளையும் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.