எதிர்மறை ஏவலும் எல்லையூர் மொழிபெயர்ப்பும்

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன; அவற்றை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. பாறசாலை உள்ளிட்ட இவ்வட்டத்து எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. விலக்குப் பொருளை உணர்த்துவதில் இவ்விரு மொழிகளும் வேறுபடுகின்றன.

தமிழில் 'போகாதே' ஒருமை; 'போகாதீர்', 'போகாதீர்கள்' பன்மையும் மதிப்பும் உணர்த்துவன. மலையாளப் 'போகருது' எவ்விகுதியும் ஏலாது. ஒருவர்க்கும் பலர்க்கும் அதுவே பொது. 'போகல்லே' என்பது வேண்டுகோள்; 'போகான் பாடில்ல' என்பது விதிவழித் தடை. உடன்பாட்டு ஏவலினின்று எதிர்மறை வடிவம் விலகுவது பிறமொழிகளிலும் உண்டு. ஸ்பானிய மொழியில் 'ஆப்லா' (பேசு) என்பதன் மறுதலை 'நோ ஆப்லெஸ்' (பேசாதே). இங்கு வினையின் ஈறே மாறுகிறது.

ஆகவே 'புகவலிக்கருது' என்னும் பொது அறிவிப்பைப் 'புகைபிடிக்காதே' எனப் பெயர்த்தல் பொருந்தாது. 'புகைபிடிக்காதீர்' என்பதே தகும்.

இடர் மிகுவது 'வேண்டு' என்னும் வினையடியாகப் பிறந்த வடிவங்களில் ஆகும். அலுவலகக் கடிதத்தில் வரும் 'ஹாஜராகேண்டதில்ல' என்பது கடமையினின்று விலக்களிப்பது. அதனை 'வர வேண்டாம்' எனப் பெயர்த்தால் தேவையின்மை, தடை என்னும் இருபொருளும் தோன்றும். வர உரிமையுடையவர் வாராதொழியக்கூடும். 'நேரில் வரத் தேவையில்லை' என்பதில் இம்மயக்கம் இல்லை.

கேரளத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. அவ்வுரிமை பயன் தருவது இத்தகைய வேறுபாடுகளைப் பேணும் மொழிபெயர்ப்பாலேயே ஆகும்.