பைக் கத்தினால் காது அழும்!

"டாக்டர், இவருக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. ஏதாவது லேகியம் கொடுங்க" என்றபடி வந்து உட்கார்ந்தார் அந்த அம்மா. கூடவே கணவர். ஐம்பது வயதிருக்கும். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட்.

நாடி பிடித்துப் பார்த்தேன். ரத்த அழுத்தமும் பார்த்தேன். 150-க்கு 96.

"காலையில எட்டு மணிக்கு வந்து படுக்கிறேங்க ஐயா. கண்ணு சொருகற நேரத்துக்குத் தெருவுல ஒண்ணு மாத்தி ஒண்ணு பைக் போகுது. ஒவ்வொண்ணும் வெடி வெச்ச மாதிரி. அப்புறம் எங்க தூங்கறது?"

அவர் சொல்லி முடிக்கவில்லை. வாசலில் 'டப்... டப... டபடபடப' என்று ஒரு பைக் வந்து நின்றது. மேஜை மேலிருந்த மருந்து பாட்டில்கள் அதிர்ந்தன. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க பையன்தான் டாக்டர். என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்..."

லேகியத்தை ஓரமாக வைத்துவிட்டு, பையனை உள்ளே கூப்பிட்டேன்.

நம் மறைமலை நகரைச் சுற்றி எத்தனை வாகனத் தொழிற்சாலைகள்! வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மையமே ஒரகடத்தில் இருக்கிறது. இன்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். வாங்கின மறுவாரமே நம்ம பிள்ளைகள் மெக்கானிக் கடையில் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டிக்கொள்கிறார்கள். இது என்ன நியாயம்?

சைலன்சர் எதற்கு?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வெடிப்பு. அதிலிருந்து சூடான புகை அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. சைலன்சருக்குள் சின்னச் சின்ன அறைகளும் துளை போட்ட குழாய்களும் இருக்கின்றன. சத்த அலைகள் அவற்றில் மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. வெறும் குழாயில் இந்தத் தடுப்பு எதுவும் கிடையாது. வெடிப்பு அப்படியே தெருவுக்கு வருகிறது.

இன்னொரு விஷயம். இப்போதைய வண்டிகளில் அந்தப் பாதையிலேயே புகையைச் சுத்திகரிக்கும் 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுகளை மட்டுப்படுத்துவது அதுதான். முழுசாக வெறும் குழாய் போட்டால் அதுவும் போய்விடும். நச்சுப் புகை நேராக, பின்னால் வருகிறவர் மூக்குக்கு!

"பிக்-அப் நல்லா இருக்கும் சார்" என்றான் பையன். பந்தய வண்டிக்கு அதற்கேற்றபடி இன்ஜினையே மாற்றி அமைக்கிறார்கள். குழாயை மட்டும் மாற்றினால், குறைந்த வேகத்தில் இழுவை குறையவும் வாய்ப்புண்டு. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக மனசு நினைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

உள்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள் உறுப்பு. அதில் மிக நுண்ணிய மயிர் செல்கள். வயலில் நாற்று காற்றுக்கு அசைவது போல, ஒலிக்கு இவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. புயல் அடித்தால் நாற்று சாய்கிறது. ஒருநாள் புயல் என்றால் நிமிர்ந்துகொள்ளும். தினம் தினம் புயல் என்றால்? சாய்ந்தது செத்துப்போகும். செத்த செல் மறுபடி முளைக்காது. சித்த மருந்தானாலும் சரி, ஆங்கில மருந்தானாலும் சரி, அதை முளைக்க வைக்கும் மருந்து இன்று இல்லை. மனசறிந்து சொல்கிறேன்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 15 நிமிஷம்தான்! வெறும் குழாய் போட்ட பைக்கின் சத்தம் குழாய்க்கு அருகில் சுலபமாக 100-ஐ எட்டும்.

"காதுல ஏதாவது சத்தம் கேக்குதா தம்பி?" என்றேன். பையன் அம்மாவைப் பார்த்தான். "ராத்திரி படுத்தா 'ஙொய்'னு கேக்கும் சார். யாருகிட்டயும் சொல்லலை..." வயது 22. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்படிப்பட்ட இரைச்சல் காதின் அபாய மணி. அதை அலட்சியம் பண்ணக்கூடாது. செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று காது நிபுணரிடம் அனுப்பினேன்.

தூக்கமும் ஒரு வேகம்

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் 14 என்று படித்திருக்கிறோம். தும்மல், பசி, தாகம் போல நித்திரையும் அதில் ஒன்று. தூக்கம் கெட்டால் வாதமும் பித்தமும் நிலை குலையும். தலைவலி, எரிச்சல், அஜீரணம் எல்லாம் வரிசை கட்டி வரும்.

நவீன ஆராய்ச்சியும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. நாம் விழிக்காவிட்டாலும், சத்தம் கேட்டதும் உடம்பு பதறுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இது நாள் தவறாமல் நடந்தால் இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. சாலைப் போக்குவரத்துச் சத்தம் இரவில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான்.

நம்ம ஊரில் பாதிப் பேருக்குப் பகல்தானே இரவு! ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், கைக்குழந்தை, இதய நோயுள்ள தாத்தா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை... ஒரு பைக் ஒரே நிமிஷத்தில் தெருவே தூக்கிவாரிப்போடும்படி செய்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

'என் வண்டி, என் இஷ்டம்' என்று சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 120-வது விதிப்படி எல்லா மோட்டார் வாகனத்துக்கும் சைலன்சர் கட்டாயம். இருசக்கர வாகனத்தின் சத்த வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல். 175 சிசி வரை 77. அதற்கு மேல் 80. வண்டி கம்பெனியை விட்டு வரும்போது இதற்கு உட்பட்டுத்தான் வருகிறது.

சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-வது பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும். தயாரிப்பாளரின் அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பெங்களூரு, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை போலீஸார் நடுரோட்டில் போட்டு ரோடு ரோலர் ஏற்றினார்கள்.

பெற்றோர்களே, 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் தப்பு செய்தால், உங்களுக்கே 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்கும்முன் யோசியுங்கள்.

என்ன செய்யலாம்?

* பழைய ஒரிஜினல் சைலன்சரைக் காயலான் கடையில் போடாதீர்கள். அதையே திரும்ப மாட்டலாம்.
* மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே ஹாரனும் வேண்டாம்.
* நைட் ஷிஃப்ட்காரர்கள் படுக்கும் அறையில் கனமான திரை போடுங்கள். காதில் வைக்கும் நுரை அடைப்பானும் உதவும்.
* எண்ணெய்க் குளியல் நல்லது. ஆனால் அன்று பகலில் தூங்கக்கூடாது என்பது சித்த மருத்துவ விதி. அதனால் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் வேண்டாம். விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.
* காது இரைகிறது என்று எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து.

ஒரு மாதம் கழித்து அந்தக் குடும்பம் வந்தது. பரணில் கிடந்த சைலன்சர் பைக்கில் ஏறிவிட்டதாம். அப்பாவின் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பகலில் ஐந்து மணி நேரம் தூங்குகிறார். பையனுக்கு இரைச்சல் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. போகுமா என்று கேட்டான்.

"இருக்கறதைக் காப்பாத்திக்கலாம் தம்பி" என்றேன். அதற்கு மேல் உறுதி சொல்ல என்னால் முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பைக் நிற்கிறதா? இன்று சாயங்காலம் அதை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்கள்.