கீழ்த்தட்டுப் போத்தல்கள்

"தண்ணீர் ஏற்றிவிட்டார்கள், இனிப் பயமில்லை" என்று நோயாளியின் வீட்டார் ஆறுதல் கொள்வதுண்டு. அந்தக் குளுக்கோஸ் தண்ணீரின் மீது நம் மக்களுக்கு அத்தனை நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது மருத்துவமனை மட்டுமல்ல; போத்தலைத் தயாரித்த தொழிற்சாலையும்தான்.

1972ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப்பட்ட சில நோயாளிகளின் நிலை திடீரென மோசமாயிற்று. ஐந்து பேர் இறந்தனர். போத்தல்களைச் சோதித்தபோது உள்ளே கிருமிகள் இருந்தன!

அவை 1971 ஏப்ரலில் தயாரானவை. மருந்து நிரப்பிய போத்தல்களைப் பெரிய கலனில் அடுக்கி, அழுத்தமுள்ள நீராவியால் கிருமிகளைக் கொல்வது வழக்கம். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் போலத்தான். ஆவி நன்றாக வந்த பிறகுதானே குக்கருக்கு வெயிட் போடுகிறோம்? உள்ளிருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். அன்று அந்தக் கலனின் அடியில் காற்று தங்கிவிட்டது. மேல்தட்டுகளுக்குச் சூடு கிடைத்தது. கீழ்த்தட்டுப் போத்தல்களுக்குக் கிடைக்கவில்லை.

வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்று, சூடு ஏறவில்லை என்று காட்டத்தான் செய்தது. மற்ற கருவிகள் சரியாகக் காட்டியதால், இதுதான் பழுது என்று நினைத்துவிட்டார்கள். வேலை நிற்கவில்லை. போத்தல்கள் வெளியே போயின.

கடைசியில் சோதித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். சோதிக்கத் திறந்த போத்தலை நோயாளிக்குக் கொடுக்க முடியாது. எனவே சிலவற்றைத்தான் சோதிக்கலாம். 1,000 போத்தல்களில் 10 கெட்டிருந்தால், நாம் எடுக்கும் இருபதில் அவற்றில் ஒன்றுகூடச் சிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே மருந்தின் தரம் கடைசிச் சோதனையில் பிறப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1969லேயே மருந்துத் தயாரிப்புக்கான நல்ல முறைகளை நாடுகளுக்குப் பரிந்துரைத்திருந்தது. செய்த வேலையை அப்போதே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் நிறுத்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். கலனில் சூடு மிகக் குறைவாக ஏறும் இடம் எதுவோ, அங்கேதான் அளக்க வேண்டும். காரணம் தெரியாத மாற்றம் கண்டால் அந்தத் தொகுதியை நிறுத்தி வைக்க வேண்டும். இது காலவிரயமன்று. ஒரு மணி நேரம் நிறுத்துவதால் வரும் நட்டம், ஒரு தொகுதி முழுவதையும் கொட்டுவதைவிடச் சிறிது. போன உயிருக்கோ விலையே இல்லை.

நாமும் கவனிக்க வேண்டியது உண்டு. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும். அதையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். தொகுதி எண் உள்ள பெட்டியை எறிந்துவிடாதீர்கள். கெட்ட மருந்தைத் திரும்பப் பெற அந்த எண்தான் வழிகாட்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பெற்றோர் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றுதான்: முள் ஏறவில்லை என்றால், "கருவி பழுது" என்று நீயே முடிவு கட்டாதே; மேலாளரிடம் உடனே சொல்.